மூன்றாவது சிலிண்டரும் எப்படி அக்காவும்

இன்ஜின் மூடிமேல் புறங்கையை வைத்துக்கொண்டு எப்படி அக்கா தெருவைப் பார்த்தபடி நிற்பார். குழந்தைக்குக் காய்ச்சல் பார்க்கும் அதே புறங்கை. நாலு சிலிண்டரும் ஒழுங்காக அடித்தால் கையை எடுத்துவிட்டு வண்டியில் ஏறுவார். மூன்று வாரமாகக் காலையில் கை சீக்கிரம் விலகுவதில்லை. “நாலுல ஒண்ணு நொண்டுது,” என்றார், வீட்டில் யாருக்கோ கால் சுளுக்கியதைப்போல.

பெயர் எங்கள் கட்டடத்துக்காரர்கள் வைத்தது. ரொட்டிக் கடையில் “இன்னிக்குச் சுட்டதுதான்” என்றால் “எப்படித் தெரியும்?” என்பார். கடைவாய்ப்பல்லைப் பிடுங்க வேண்டும் என்ற பல் மருத்துவரையும் அதையே கேட்டார். மருத்துவர் மறுபடி தட்டிப் பார்த்துவிட்டுப் பக்கத்துப் பல்லைப் பிடுங்கினார். அக்கா கேட்பதில் கோபம் இருக்காது. கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருப்பார். அதுதான் ஆளைக் கலக்கும்.

கணவரின் அண்ணன் சலவைக்கூடம் நடத்துகிறார்; ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகள். அங்கே மடிப்பு மேசையில் அக்கா பதினோரு வருடம் நின்றார். ஜன்னல் இல்லாத அறை, நாளைக்கு நானூறு விரிப்பு. ஐந்து வருடத்துக்கு முன் ஒரு நாள், துணி ஏற்றிப் போகும் சின்ன லாரியின் ஓட்டுநர் சொல்லாமல் நின்றுவிட்டார். அப்போது கூடத்தில் லைசென்ஸ் வைத்திருந்தவர் இவர் ஒருவர்தான். இன்றைக்கு மட்டும் என்று ஏறியவர் பிறகு இறங்கவில்லை.

வண்டி வாங்கிய ஷோரூமில் கணினியை மாட்டிப் பார்த்தார்கள். மூன்றாவது சிலிண்டரில் மிஸ்ஸிங், அதாவது அது சரியாக எரியவில்லை, என்றது. வால்வு கருகிவிட்டது, இன்ஜினையே மாற்ற வேண்டும் என்று சர்வீஸ் மேனேஜர் எழுதிக் கொடுத்தார். அந்தத் தாளைப் படித்ததும் கணவரின் அண்ணன் முடிவெடுத்துவிட்டார்: வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம், துணியை வெளியாள் வந்து ஏற்றிப் போகட்டும். “உன் மேசை காலியாத்தாம்மா இருக்கு,” என்று அக்காவிடம் ஆறுதலாகச் சொன்னாராம்.

மறுநாள் ஷோரூம் கதவு திறக்கும்போது வாசலில் மூன்று பேர் நின்றோம்: அக்கா, அவர் கணவர், மொழிபெயர்க்க நான். வண்டி இரவு முழுக்க ஷோரூம் முற்றத்தில் பனியில் நனைந்திருந்தது. அதைப் பார்த்து அக்கா திருப்தியாகத் தலையாட்டினார். மேனேஜர் பேசும் இந்த ஊர் மொழி எனக்கு நன்றாகத் தெரியும். அந்த மொழியில் யாரையும் எதிர்த்துக் கேட்டுத்தான் பழக்கமில்லை.

“வால்வு கருகிப்போச்சுங்கிறாரே, எப்படித் தெரியும்னு கேளு தம்பி.”

கேட்டேன். மேனேஜர் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். அதில் மூன்று என்ற எண் சிவப்பாக இருந்தது.

“மூணாவது நொண்டுதுன்னு சொல்லுது, சரி. ஏன் நொண்டுதுன்னு எங்க சொல்லுது? காலையில ஈரத்துல மட்டும்தான் நொண்டுது. பத்து மணிக்கு மேல பட்டுப்போல ஓடுது. கருகின வால்வு பத்து மணிக்கு மேல எப்படி நல்லாயிரும்?”

நேரமிருந்தால் இன்னொரு முறை பார்க்க முடியுமா என்று கேட்கிறார் என்றேன்.

“நான் இவ்வளவு சொன்னேன், நீ இத்துனூண்டு சொல்ற?”

“விடும்மா,” என்றார் கணவர். “படிச்சவங்க சொல்றாங்க.”

“பல் டாக்டரும் படிச்சவர்தாங்க.”

முழுவதையும் மறுபடி சொன்னேன். மேனேஜர் மூச்சை இழுத்துவிட்டு, வேறு என்னதான் செய்யச் சொல்கிறார் என்று கேட்டார். அக்கா அதற்காகவே வந்தவர்.

“பிரஸ் மிஷின்ல போட்ட விரிப்புல கறை விழுந்தா நாங்க என்ன பண்ணுவோம்? மிஷின் உருளையில சுத்தியிருக்கிற துணியக் கழட்டிப் பக்கத்து மிஷின்ல மாட்டுவோம். கறை துணியோட போச்சுன்னா துணி கோளாறு, அங்கேயே நின்னா மிஷின் கோளாறு. அதே மாதிரி மூணாவது காயிலக் கழட்டி ஒண்ணாவதுல மாட்டச் சொல்லு, ஒண்ணாவத மூணுல மாட்டட்டும். ஒரே ஒரு போல்ட்டு.”

காயில் என்பது ஒவ்வொரு சிலிண்டர் தலையிலும் உட்கார்ந்து பொறிக்கு மின்சாரம் கொடுப்பது. கையடக்கம்தான். நாலும் ஒரே அச்சு. நான் சொல்லி முடிப்பதற்குள் நரைத்த மீசை மெக்கானிக் ஸ்பேனரோடு வந்துவிட்டார். அவருக்கும் அந்தத் தாள்மேல் சந்தேகம் இருந்திருக்க வேண்டும். ஏழு நிமிடம் ஆனது. இன்ஜினைக் கிளப்பினார்கள். வண்டி முன்புபோலவே நொண்டியது.

கணவர் வாசலைப் பார்த்தார். அக்கா திரையைப் பார்த்தார். மூன்று அணைந்திருந்தது. ஒன்று சிவப்பாகிவிட்டது.

மேனேஜர், இப்போது முதல் சிலிண்டரின் வால்வும் போயிருக்கலாம் என்றார்.

“அப்ப மூணாவது குணமாயிருச்சா?”

இதை ஒரு சொல் குறைக்காமல் சொன்னேன். மெக்கானிக் எதையோ தேடுபவர்போல இன்ஜினுக்குள் குனிந்தார். அவர் தோள் மட்டும் குலுங்கியது. புதுக் காயிலை எடுத்துவர மேனேஜரே உள்ளே போனார்.

அதை மாட்டியபின் திரையில் சிவப்பு எங்கும் இல்லை. கணவர் தள்ளிப் போய் அண்ணனிடம் போனில் பேசிவிட்டு வந்தார்.

“சின்ன சாமான்தான், சரியாயிருச்சுன்னு சொன்னேன். வண்டி இருக்கட்டுங்கிறாரு. ஆனா இனிமே என்னையே ஓட்டச் சொல்றாரு. உனக்கு எதுக்கு இந்த அலைச்சல்னு.” சொல்லிவிட்டு ஓட்டுநர் பக்கக் கதவருகே வந்து நின்றார்.

அக்கா அதற்குள் ஏறி உட்கார்ந்திருந்தார். ஷோரூம்காரர்கள் யாரோ நெட்டைக்கால்காரருக்காக சீட்டைப் பின்னுக்குத் தள்ளியிருந்தார்கள். அதை ‘டக்’கென்று பூட்டு விழும்வரை முன்னால் இழுத்தார். கண்ணாடியைத் தன் முகத்துக்குத் தணித்தார். பிறகு எட்டி, கணவருக்காக மறுபக்கக் கதவைத் திறந்துவிட்டார்.