மூடிமேல் பட்டதோ, படவில்லையோ

பாலைவன ஊரான கலாமாவுக்கு வெளியே, கண்ணாடிகளை வைத்து வெயிலைப் பிடிக்கும் சோதனை நிலையத்தில் யஸ்னாவுக்கு வேலை. பெரிய இரும்பு உருளைகளில் மக்னீசியப் பொடி நிரப்புவாள். ஹைட்ரஜனைக் குடித்த பொடி அது. பகல் சூட்டில் வாயுவைக் கக்கும். பொழுது சாய்ந்ததும் திரும்ப விழுங்கி, வாங்கிய சூட்டை அப்படியே கொடுத்துவிடும். தண்ணீர் மட்டும் ஆகாது. பட்டால் வாயு கட்டுக்கடங்காமல் கிளம்பும்.

அன்று காலை புது உருளையை நிரப்பி மூடியை வைத்தாள். முடுக்க ஸ்பேனர் எடுத்துத் திரும்பினால், தம்பி ஃபவுஸ்டோ கையில் பீர் பாட்டில்! புதிதாக எது வந்தாலும் மண் தாய்க்குத் தெளிப்பது அவர்கள் வழக்கம்.

"டேய், என்னடா பண்ணின?"

"தரையிலதான்க்கா ஊத்தினேன். இவ்ளோ சூட்டை உள்ள அடைச்சுட்டு அவளுக்கு ஒரு வாய் குடுக்கலைன்னா சும்மா விடுவாளா?"

"மூடிமேல பட்டுச்சா?"

"ஆரம்பிச்சுட்டியா உன் சந்தேகத்தை! கல்யாணத்தன்னிக்கே பாதிரியார்கிட்ட 'யோசிச்சுச் சொல்றேன்'னவதானே நீ!"

மூடியை முடுக்கிவிட்டாள். மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தும் அதே நினைப்பு. மூடி ஓரத்தில் ஏதோ மினுங்கியதே, ஈரமா, வெயிலா? சொன்னால் தம்பி வேலை போகும். கெஞ்சிக் கூத்தாடி அவள் வாங்கிக் கொடுத்த வேலை. சொல்லாவிட்டால், சூடு ஏற்றும்போது உருளைப் பக்கத்தில் நிற்கிறவர்கள் கதி?

'அய்கினா மாதாவே, அவனையும் காப்பாத்து, அவங்களையும் காப்பாத்து' என்று கும்பிட்டாள். உட்கார்ந்தாள், எழுந்தாள். தன் வாயால் ஆகிற காரியத்தை மாதா தலையில் போடுகிறோமே என்று சுருக்கென்றது. ஓடினாள்.

"இஞ்சினியரம்மா, சூடு ஏத்தாதீங்க. மூடியில பீர் பட்டிருக்கும்."

"பட்டிருக்குமா, பட்டுச்சா?" என்றாள் ஹிமேனா.

"தெரியலம்மா. தெரியாததாலதான் ஓடி வந்தேன்."

உலர்ந்த வாயுவை ஊதிக்கொண்டே மூடியைத் திறந்தார்கள். மூடி பதிகிற பள்ளத்தில், விளிம்பில் சிந்தியிருந்த பொடி பீர் பட்டு வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருந்தது. ஈரம் உள்ளே இறங்கவில்லை.

யார் ஊற்றியது என்று யஸ்னாவிடம் கேட்டறிந்து, ஹிமேனா ஃபவுஸ்டோவைக் கூப்பிட்டாள். "நாளையிலேர்ந்து நீ கண்ணாடி கழுவப் போ. அங்க எவ்ளோ வேணா தெளிச்சுக்கோ!"

வேலை போகவில்லை. ஆனால் திரும்பும் பஸ்ஸில் அவன் அக்கா பக்கத்தில் உட்காரவில்லை. முன் சீட்டில் முதுகைக் காட்டிக்கொண்டே வந்தான்.

மறுநாள் உருளையை முடுக்குமுன் யஸ்னா அதன் காலடியில் வண்ணக் காகிதத் துணுக்குகளைத் தூவினாள். தாய்க்கு உலர்ந்த காணிக்கை. தூவிய கையைத் துடைத்துவிட்டு, மூடி விளிம்பை இன்னொரு தரம் தடவிப் பார்த்தாள்.