வலது சின்ன விரலுக்கு ஒரு ஸ்பிரிங்

என் பழைய கீபோர்டில்தான் பிழை என்று முழுமையாக நம்பியிருந்தேன். வெள்ளவத்தையில் கடலுக்குக் கிட்ட என் வீடு. உப்புக் காற்றில் மின்விசிறி துருப்பிடிக்கும், பூட்டுகள் இறுகும், கேஸ் அடுப்பின் கால்கள் உதிரும். கீபோர்ட் மட்டும் தப்புமா?

நான் வீட்டிலிருந்து மொழிபெயர்ப்பு வேலை செய்கிறவள். காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், விவாகப் பதிவு என்று காலையிலிருந்து அடித்துக்கொண்டே இருப்பேன். கொஞ்சக் காலமாக என் எழுத்துகளின் தலையிலிருந்து புள்ளிகள் காணாமல் போகத் தொடங்கின. நான் பழகின தட்டச்சு முறையில் புள்ளிக்குரிய கீ வலது சின்ன விரலுக்குக் கீழே வரும். அது சரியாக இறங்குவதில்லை. ஒருநாள் ஒரு சட்டத்தரணி தொலைபேசியில் அழைத்துச் சிரித்தார்.

“மிஸ், உங்கட உறுதியில நாலு பக்கத்து எல்லையும் ‘எலலை’யாக் கிடக்குது.”

வெட்கமாய்ப் போய்விட்டது. அன்றே தம்பிக்குச் சொன்னேன். தம்பி கொட்டாஞ்சேனையில் இருக்கிறான். கம்பியூட்டர் கம்பனியில் வேலை, ஓய்வு நேரம் முழுக்கக் கீபோர்ட் கட்டுவதுதான் அவனுக்குப் பைத்தியம்.

“கடையில வாங்காதைங்கோ அக்கா, நான் கட்டித் தாறன். ஸ்விட்சையும் ஸ்பிரிங்கையும் மட்டும் நீங்கள் வந்து தெரிஞ்செடுங்கோ” என்றான்.

ஞாயிற்றுக்கிழமை காலை கோட்டைக்குப் போய், பஸ் மாறி, அவனுடைய பிளாட்டுக்குப் போனேன். சாப்பாட்டு மேசையில் துணி விரித்து, ஸ்விட்சுகளை வரிசையாகக் குத்திவைத்த ஒரு பலகையை வைத்திருந்தான். ஒவ்வொரு கீக்கும் கீழே இப்படி ஒரு ஸ்விட்ச் இருக்குமாம். அதற்குள்ளே, அழுத்தி எழுதுகிற பேனையில் இருப்பதைப் போல ஒரு சின்ன ஸ்பிரிங். அதன் கனத்தைக் கிராமில் சொல்வார்கள். கிராம் கூடக்கூட, அழுத்தவும் கூடப் பலம் வேண்டும்.

“இது தடக்குப்படுற சாதி. பாதி வழியில ஒருக்கா இடறும். இது லீனியர். இடறாமல் நேராக இறங்கும், சத்தமும் குறைவு” என்று ஒவ்வொன்றாக அழுத்திக் காட்டினான்.

எனக்கு லீனியர் உடனே பிடித்துவிட்டது. வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி. சுட்டுவிரலால் அழுத்தி அழுத்திப் பார்த்தேன். முப்பத்தைந்து கிராம் எது, அறுபத்தேழு கிராம் எது என்று பார்க்காமலே சொன்னேன். தம்பிக்குச் சந்தோசம்.

“சுட்டுவிரல் பலசாலி, அதால சொல்லுறது லேசு. கஷ்டப்படுறது சின்ன விரல்தான். கண்ணை மூடுங்கோ, நான் விரலைப் பிடிச்சு வைக்கிறன். எது பாரம், எது லேசு எண்டு சொல்லுங்கோ.”

கண்ணை மூடினேன். இடது சின்ன விரலைப் பிடித்து வைத்தான். லேசு, பாரம், நடுத்தரம் என்று சொல்லிக்கொண்டு வந்தேன். ஒன்றுகூடப் பிழையில்லை. பிறகு வலது கையை வாங்கினான். நான் காத்திருந்தேன். கீழே வீதியில் யாரோ மீன் விலை பேசிக்கொண்டிருந்தது கேட்டது. இன்னும் காத்திருந்தேன்.

“விரலை வையன், எவ்வளவு நேரம்?”

“வைச்சாச்சு அக்கா. சொல்லுங்கோவன்.”

கண்ணைத் திறந்தேன். என் சின்ன விரல் ஸ்விட்சின் மேல் இருந்தது. இருந்தது மட்டுமில்லை, ஸ்விட்ச் அடிவரை இறங்கியும் இருந்தது. தம்பி என் விரலின் மேலே தன் விரலை வைத்து அழுத்திக்கொண்டிருந்தான். அதைக் கண்ணால் பார்த்தேன். கைக்கு ஒன்றுமே வந்து சேரவில்லை.

“பகிடி விடாதைங்கோ” என்றான்.

“நீதான் பகிடி விடுறாய்.”

இரண்டு பேரும் சிரித்தோம். அவன் மற்ற ஸ்விட்சுக்கு விரலை மாற்றினான். பிறகு இன்னொன்று. ஆகப் பாரமானதும் ஆக லேசானதும் எனக்கு ஒன்றுதான். அவன் சிரிப்பு முதலில் நின்றது. ஸ்விட்சைத் திறக்கிற சின்ன இடுக்கியை எடுத்து, அதன் கூரான முனையால் என் விரல் நுனியில் மெதுவாகத் தொட்டான். பிறகு கொஞ்சம் அழுத்தினான். தோல் பள்ளமாவது தெரிந்தது. வலிக்கவில்லை.

அப்போதுதான் விரலைத் திருப்பி வெளிப்பக்கத்தைப் பார்த்தான்.

“அக்கா, இது என்ன?”

ஒரு கொப்புளம். கடலை அளவில், நீர் கோத்து, ஓரம் சிவந்து போய். தோசைக்கல்லாக இருக்க வேண்டும். அல்லது கேத்தல். எப்போது சுட்டது என்று அவன் கேட்டான். நான் யோசித்துப் பார்த்தேன், ஞாபகம் இல்லை என்றேன். ஆனால் அது மறந்த காரியமில்லை, எனக்குத் தெரியவே வராத காரியம். என் கை எரிந்திருக்கிறது. பக்கத்திலேயே நின்ற எனக்கு யாரும் சொல்லவில்லை.

அவ்வளவுதான், மேசையில் இருந்த எதையும் பிறகு நாங்கள் தொடவில்லை. தம்பி தேத்தண்ணீர் போட்டுத் தந்தான். கோப்பையை எந்தக் கையால் வாங்குவது என்று தெரியாமல் இரண்டு கையாலும் வாங்கினேன்.

அடுத்த நாளே அவன் லீவு போட்டுக்கொண்டு என்னை நரம்பு டொக்டரிடம் கூட்டிப்போனான். டொக்டர் ஒரு சிங்களப் பெண், என்னைவிட வயது குறைவு. இரண்டு கைகளையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொன்னா. வைத்தேன். அவ வலது கையில் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவிலே பேனையால் காட்டினா. அங்கே ஒரு பள்ளம். இடது கையில் அந்த இடம் தசை திரண்டு மேடாக இருந்தது. வலதில் தோல் எலும்போடு ஒட்டிப் போயிருந்தது. தினமும் சோப்புப் போட்டுக் கழுவுகிற கை, மோதிரம் போடுகிற கை. இந்தப் பள்ளம் எப்போது விழுந்தது?

பிறகு ஒரு கடதாசித் துண்டைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் பிடித்துக்கொள்ளச் சொல்லி, “இழுக்க விடாதீங்க” என்று சிங்களத்தில் சொன்னா. என் பலம் எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்தேன். அவ புத்தகத்தில் பக்கம் புரட்டுகிற மாதிரி அதை உருவி எடுத்துவிட்டா.

முழங்கையை எங்கே ஊன்றுவீர்கள் என்று கேட்டா. நான் எங்கேயும் ஊன்றுவதில்லை என்றேன்.

“இல்லை டொக்டர்” என்று தம்பி குறுக்கிட்டான். “வாசிக்கேக்க எப்பவும் வலது கன்னத்தில கையைக் குடுத்து, முழங்கையை மேசை விளிம்பில ஊண்டிக்கொண்டுதான் இருப்பா. எனக்குத் தெரிஞ்ச நாளில இருந்து அப்பிடித்தான்.”

நான் அவனைத் திரும்பிப் பார்த்தேன். உண்மையிலேயே எனக்குத் தெரியாது.

சின்ன விரலுக்குப் போகிற நரம்பு முழங்கையின் உட்பக்கம், தோலுக்குக் கிட்டவே ஓடுகிறதாம். அதை நான் வருடக்கணக்காக மேசை விளிம்பில் நசித்துக்கொண்டு இருந்திருக்கிறேன். மின்சாரம் விட்டுச் சோதித்தார்கள். இடது கையில் ஒவ்வொரு அதிர்வுக்கும் சின்ன விரல் துள்ளியது. வலது கையில் முழங்கைக்கு மேலே அதே அளவு கொடுத்தபோது விரல் லேசாக அசைந்துவிட்டுப் படுத்துக்கொண்டது. சோதனை செய்தவர் அளவைக் கூட்டினார். நான் விரலையே பார்த்தபடி இருந்தேன். எழும்பு, எழும்பு என்று மனதுக்குள் கெஞ்சினேன்.

முழங்கையில் ஒப்பரேஷன் செய்தாக வேண்டும் என்றா டொக்டர். ஊசி போட்டுக் கையை மட்டும் விறைக்கப் பண்ணிச் செய்யலாமாம். இனி விறைக்கப் பண்ண என்ன மிச்சம் இருக்கிறது என்று கேட்டேன். அவ சிரிக்கவில்லை. போனது முழுக்கத் திரும்பி வரும் என்று சொல்ல மாட்டேன், இனிப் போகாமல் பார்க்கலாம் என்றா. அந்த வார்த்தைதான் வீடு வரும்வரை காதுக்குள் நின்றது.

ஒப்பரேஷன் நடந்தது. காயம் ஆறியது. மாதங்கள் கழித்து, மோதிர விரலின் ஓரத்தில் எறும்பு ஊர்கிற மாதிரி ஏதோ தொடங்கியது. அது நல்ல அறிகுறி என்றார்கள். சின்ன விரல் இன்னும் கையுறைக்குள் இருக்கிற மாதிரித்தான் கிடந்தது. ஆனாலும் வேலைக்குத் திரும்ப வேண்டும். தம்பி ஸ்விட்சுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெள்ளவத்தைக்கு வந்தான்.

பலவீனமான விரல் என்றபடியால் ஆக லேசான ஸ்பிரிங்தான் சரி என்று இரண்டு பேரும் நினைத்தோம். வலது ஓரத்துக் கீகளுக்கு மட்டும் அதைப் போட்டுத் தந்தான். ஒரு பக்கம் அடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தால், திரை முழுக்க ஒரே எழுத்து எறும்பு வரிசை மாதிரி ஓடியிருந்தது. விரல் கீயின் மேல் சாய்ந்து கிடந்ததும் எனக்குத் தெரியவில்லை, கீ அமுங்கியதும் தெரியவில்லை.

தம்பி பாரமானதைப் போட்டான். அரை மணித்தியாலம் போகவில்லை, விரல் சோர்ந்து மடங்கிவிட்டது. தடக்குப்படுகிற சாதியையும் பார்த்தோம். அந்த இடறல் எனக்கு எட்டவே இல்லை. திரும்ப லீனியருக்கே வந்து, ஸ்பிரிங்குகளை ஒவ்வொன்றாக மாற்றி மாற்றிக் கடைசியில் ஐம்பத்தைந்து கிராமில் நின்றோம். நாங்கள் நினைத்ததைவிடப் பாரம்தான். ஆனால் அது விரலைத் திருப்பித் தள்ளிவிடும். விரலுக்குத் தெரியாவிட்டாலும், அது மேலே எழும்புவது மணிக்கட்டுக்குத் தெரியும்.

அந்தக் கீபோர்டில்தான் இப்போது வேலை செய்கிறேன். விரலின் பாதி திரும்பி வந்திருக்கிறது. மிச்சத்தைப் பற்றி டொக்டரும் சொல்வதில்லை, நானும் கேட்பதில்லை.

போன மாதம் தம்பி என் வீட்டு மேசையில் ஒரு நண்பனுக்குக் கீபோர்ட் கட்ட ஸ்பிரிங் பொறுக்கிக்கொண்டிருந்தான். நான் தேத்தண்ணீர் போட்டுக்கொண்டு குசினியிலிருந்து வரும்போது, அவன் கண்ணை மூடிக்கொண்டு தன் விரல் நுனிகளை ஒவ்வொன்றாகப் பெருவிரல் நகத்தால் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“என்ன, எல்லாம் இருக்கோ?” என்றேன்.

திடுக்கிட்டுக் கையை இழுத்துக்கொண்டான். “இருக்கு, இருக்கு” என்றவன், கொஞ்சம் பொறுத்து, “ஒவ்வொரு நாளும் பாக்கிறனான் அக்கா” என்றான்.