துக்கம் விசாரித்து வந்த கடிதம் என்று நினைத்தேன்

என் மனைவி இறந்த பதினேழாம் நாள், ஆனையூர் வீட்டுக்கு ஒரு கடிதம் வந்தது. நீல மையில் கையால் எழுதிய முகவரி. யாரோ பழைய நண்பர் துக்கம் விசாரித்திருக்கிறார் என்று பிரித்தேன்.

"மகன்கள் இருவரும் வெளிநாட்டில் இருக்க, நீங்கள் ஏன் தனியாகச் சிரமப்பட வேண்டும்? வீட்டை நாங்களே வாங்கிக்கொள்கிறோம்." மொத்தம் எட்டு வரிகள். அவளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஆறு நாட்களில் இன்னும் மூன்று வந்தன. நான்கிலும் ஒரு சுழிகூட மாறவில்லை. கையெழுத்து போல அச்சடித்திருக்கிறார்கள்!

அதிலிருந்த தொலைபேசி எண்ணுக்குப் பேசினேன். வீடு வாங்கி விற்கும் கம்பெனிப் பையன் ஒருவன் எடுத்தான்.

"நான் தனியா இருக்கிறது உனக்கு எப்படிப்பா தெரியும்?"

"கோவிச்சுக்காதீங்கய்யா. கண்ணீர் அஞ்சலி போஸ்டர்ல எல்லாம் நீங்கதான போட்டிருக்கீங்க? அதப் பாத்துத்தேன் லெட்டர் போடுறோம். அம்புட்டுத்தேன்."

அந்த உறைகளைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். ஆனால் கதவு எண் முதல் மகன்கள் இருக்கும் ஊர் வரை எழுதிக்கொடுத்து, அறுபது போஸ்டர் ஒட்டச் சொன்னவன் நான்தான்.

போன மாதம் பழங்காநத்தத்தில் என் மைத்துனர் இறந்தார். போஸ்டருக்குப் படம், பெயர், நேரம் மட்டும் கொடுத்தேன்.

"வீட்டு நம்பர் வேணாமாய்யா?" என்றார் அச்சகக்காரர்.

"அழ வர்றவங்களுக்கு வீடு தெரியும்" என்றேன்.