சனிக்கிழமைக் கேள்வி

"புள்ளைக்குக் காய்ச்சல்னா காலேஜுக்கு வருவியா, வீட்ல இருப்பியா?"

என் ஆய்வு நெறியாளரான மேடம் இப்படிக் கேட்டபோது, துறை நூலகத்தின் நீண்ட மேசைக்கு முன்னால் பட்டுப்புடவையில் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நிஜமான நேர்காணல் அல்ல. கோரிப்பாளையத்துக்குப் பக்கத்திலிருந்த எங்கள் கல்லூரியில், ஆசிரியர் வேலைக்குப் போகவிருக்கும் ஆய்வு மாணவர்களுக்காக மேடம் சனிக்கிழமைதோறும் நடத்திய ஒத்திகை. கதவைத் திறந்து உள்ளே வருவதையே திரும்பத் திரும்பச் செய்யச் சொல்வார். வளையல் சத்தம் கேட்டால் கழற்றச் சொல்வார். கரும்பலகையைப் பார்த்தபடியே பாடம் நடத்தினால், "அங்க என்ன சாமியா இருக்கு, திரும்பு" என்பார். மற்றவர்களிடம் ஆய்வைப் பற்றி மட்டும் கேட்டுவிட்டு அனுப்பிவிடுவார். என்னிடம் மட்டும் கடைசியில் இந்தக் கேள்வி. என் மகளுக்கு அப்போது ஒரு வயது கூட ஆகவில்லை.

மேடத்தை நான் ஒருநாளும் முழுதாக நம்பியதில்லை. மற்ற நெறியாளர்கள் ஆட்டோவிலிருந்து இறங்கினால் கைப்பையை வாங்கிக்கொள்ள மாணவர்கள் ஓடுவார்கள். இவர் தர மாட்டார். "எனக்கு கை இல்லையா?" என்பார். அது பெருந்தன்மையா, நாளைக்கு நாங்கள் எந்த உரிமையும் கொண்டாடிவிடக் கூடாது என்ற முன்யோசனையா என்று எண்ணிக்கொண்டே அவருக்குப் பின்னால் நடப்பேன்.

அந்தக் கேள்விக்கு வாரம் ஒரு பதில் தயாரித்துக்கொண்டு போனேன். அம்மா பார்த்துக்கொள்வார் என்றேன், தலையசைத்து மறுத்தார். மாமியார் என்றேன், அதற்கும் அப்படியே. நானும் கணவரும் மாற்றி மாற்றி விடுப்பு எடுப்போம் என்றபோது, எனக்கு மூத்த ஆய்வாளரான அவனியாபுரத்து அண்ணன் சிரித்துவிட்டார். "தங்கச்சி, இதை மாப்ள கேட்டா மயங்கி விழுந்துருவாரு."

மேடம் சிரிக்கவில்லை. "பதிலே சொல்லாத. 'பாடத்துல கேளுங்க சார்'னு சொல்லு. ஒரு தடவ பதில் சொல்லிட்டேன்னா ஆயுசுக்கும் சொல்லிக்கிட்டே இருக்கணும்."

அன்று முழுக்க அது என்னை அரித்தது. அப்படிச் சொல்கிறவளுக்கு யார் வேலை கொடுப்பார்கள்? தேநீர்க் கடையில் அண்ணன் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "நீ போயிட்டா அவுக கட்டுரைக்கெல்லாம் யாரு பிழை திருத்துறது? யோசிச்சுப் பாரு." விளையாட்டுக்குத்தான் சொன்னார். எனக்கு அது விளையாட்டாகப் படவில்லை. இந்த ஆண்டு வேலை கிடைக்காவிட்டால் படித்தது போதும், குழந்தையைப் பார் என்று வீட்டில் சொல்லியிருந்தார்கள். எனக்கு இருந்தது ஒரே வாய்ப்பு.

அது ஒத்தக்கடைப் பக்கம் ஒரு கல்லூரி. நேர்காணலில் ஆய்வைப் பற்றிக் கேட்டு முடித்ததும் முதல்வர் கண்ணாடியைக் கழற்றினார். "பிள்ளைக்குக் காய்ச்சல்னா காலேஜுக்கு வருவீங்களா, வீட்ல இருப்பீங்களா?"

எனக்குக் குழந்தை இருப்பதை விண்ணப்பத்தில் எங்கும் எழுதவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே சொன்னார்: "உங்க மேடம் நமக்கு ரொம்பப் பழக்கம்மா."

ஆக, எனக்குக் குழந்தை இருப்பதை மேடம் சொல்லியிருக்கிறார். சொல்லிவிட்டு, பதில் பேசாதே என்று என்னிடமும் சொல்லியிருக்கிறார். பொறி தெளிவாகத் தெரிந்தது. "மாமியார் கூடவே இருக்காங்க சார், ஒரு நாளும் லீவு போட மாட்டேன்" என்றேன். குழுவிலிருந்த எல்லோரும் மகிழ்ச்சியாகத் தலையாட்டினார்கள். வேலை கிடைத்தது. மேடத்துக்கு இனிப்பு கொண்டுபோனேன். "என்ன பதில் சொன்ன?" என்று கேட்டார். சொன்னேன். இனிப்பை எடுத்துக்கொண்டார்; வாழ்த்தவில்லை. பொறாமை என்றே நினைத்தேன்.

அதற்குப் பிறகு விடுமுறை நாளில் சேர்க்கைப் பணி என்றாலும், வெளியூர்த் தேர்வு மேற்பார்வை என்றாலும் என் பெயர்தான். "உங்களுக்கென்ன மேடம், வீட்ல ஆள் இருக்கு" என்பார்கள். நானும் போவேன். சென்ற மாதம் நாத்தனாரின் பிரசவத்துக்காக மாமியார் மேலூர் போயிருந்தபோது மகளுக்குக் காய்ச்சல் வந்தது. பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டு வந்தவள், முதல் வகுப்பு முடிந்ததும் முதல்வர் அறைக்குப் போய் விடுப்புக் கேட்டேன்.

"என்ன மேடம், மாமியார் இருக்காங்க, லீவே போட மாட்டேன்னு சொல்லித்தானே சேந்தீங்க?"

எவ்வளவு பேசியிருக்கலாம். பிரசவத்தைச் சொல்லியிருக்கலாம், காய்ச்சலின் அளவைச் சொல்லியிருக்கலாம். ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு. "வீட்ல யாரு இருக்காங்கங்கிறத விடுங்க சார். எனக்கு லீவு பாக்கி இருக்கு. எடுத்துக்கிறேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு, "சரி, போங்க" என்றார். அது கோபமா, சம்மதமா? அடுத்த ஆண்டு இதை மனதில் வைத்துக்கொள்வாரோ? மகளை நினைக்க வேண்டிய நேரத்தில் இதையே புரட்டிக்கொண்டு பேருந்தில் ஏறினேன்.

பேருந்து நகரத்துக்குள் நுழையுமுன் கைப்பேசி அடித்தது. மேடம். பல மாதங்களாக அழைத்ததே இல்லை.

"புள்ளைக்கு இப்ப எப்படி இருக்கு?"

கல்லூரியில் முதல்வரைத் தவிர வேறு யாரிடமும் நான் காய்ச்சலைச் சொல்லவில்லை. அவரிடமும் சொன்னேனா? காய்ச்சல் என்ற சொல்லே என் வாயில் வரவில்லையே.

"உங்களுக்கு யாரு மேடம் சொன்னா?"

"மொதல்ல வீட்டுக்குப் போ" என்று வைத்துவிட்டார்.

கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமலிருப்பது எப்படி என்று அவருக்குத் தெரியாதா? வீட்டுக்குப் போய் மகளின் நெற்றியில் கை வைத்தேன். சூடு தணிந்திருந்தது. அப்பாடா என்று இருக்க முடியவில்லை. மேடமும் முதல்வரும் என்னைப் பற்றி என்னதான் பேசிக்கொள்கிறார்கள்?