மாமரத்தடியில் சீந்தில்

கல்யாணமாகி நான் காஞ்சிபுரம் வந்தது அறுபதுகளின் கடைசியில். அந்த வீட்டில் எனக்குப் பிடித்த ஒரே இடம் தோட்டத்து மாமரத்தடி. எந்நேரமும் நிழல், சில்லென்ற மண். கனகாம்பரம் வைத்தால் கொழிக்கும். தலைக்குப் பூ வேண்டுமென்று மாமியார் முன்னால் போய் நிற்க எனக்கு வெட்கம். சொந்தமாக நாலு செடி இருந்தால் யாரையும் கேட்க வேண்டாமே என்று ஆசை.

ஆனால் அந்த இடத்தைச் சீந்தில் கொடி பிடித்து வைத்திருந்தது. தாமல் ஏரிப் பக்கத்துத் தோப்பிலிருந்து மாமியார் ஒரு துண்டு கொண்டுவந்து நட்டதாம். வீட்டில் யாருக்கு ஜுரம் வந்தாலும் அதுதான் கஷாயம். அந்த ஒரு துண்டு மரமேறி, வேலி தாண்டி, துணி காயப்போடும் கயிற்றையும் விடாமல் சுற்றியிருந்தது. செடி வைக்க இடம் கேட்டேன். "தாராளமா வெட்டிக்கோம்மா" என்றார் மாமியார். அவ்வளவு சுலபமாகச் சொன்னபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அரிவாளோடு இறங்கினேன். வெட்டியதை வாரிக் குப்பையில் கொட்டப் போனபோது பின்னாலிருந்து அவர் குரல் வந்தது.

"இன்னாம்மா, கீழ போட்டுக்கினு இருக்கற? நம்ம வூட்ல அறுத்தது எதுவும் தரையில கெடக்கக் கூடாது. மேல மாட்டு. காஞ்சா அடுப்புக்கு ஆவும்."

அந்த வீட்டுச் சட்டம் அது. தறியில் அறுந்த பட்டிழை விரல் நீளம் இருந்தாலும் ஆணியில் மாட்டுவார்கள். தரையில் விட்டால் அன்று முழுக்கப் பேச்சு வாங்க வேண்டும். நானோ வாலாஜாபாத் மளிகைக்கடைக்காரர் பெண். கெட்ட பேர் வேண்டாமென்று ஒவ்வொரு துண்டையும் மாங்கிளையில் வரிசையாக மாட்டினேன். கீழே மண்ணைக் கொத்திக் கனகாம்பர நாற்றும் வைத்தேன்.

காய்ந்தால்தானே. ஐப்பசி மழை பிடித்ததும் துண்டுக்குத் துண்டு நூல் நூலாக வேர்விட்டுக் கீழே இறங்கியது. மண்ணைத் தொட்ட இடமெல்லாம் தளிர். என் வீட்டுக்காரர் தறிக்குழியிலிருந்து எழுந்து வந்தார். தொங்கிய வேர்களைத் தறியில் நீளவாக்கில் கட்டிய இழைகளைப் போல விரலால் கோதிப் பார்த்து, "பாவு நல்லா வந்திருக்குது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். எனக்கு அழுகையே வந்தது. ஒரு கொடி இருந்த இடத்தில் நானே பாடுபட்டு ஒரு காட்டை உண்டாக்கியிருந்தேன். கனகாம்பரத்தை அதற்குள் தேட வேண்டியிருந்தது.

மாமியாரோ, "என் மருமவ கைராசி" என்று சொல்லித் தெருவுக்கே துண்டு துண்டாகச் சீந்தில் கொடுத்தார். சாயங்காலம் கேட்டே விட்டேன்.

"அத்தே, மாட்டி வச்சா அது பொழைச்சுக்கும்னு உங்களுக்கு முன்னாடியே தெரியும் இல்ல?"

அவர் வாசலில் போன பூக்காரியைக் கூப்பிட்டார். இரண்டு முழம் கனகாம்பரம் வாங்கி, என்னைத் திருப்பி நிறுத்தித் தலையில் வைத்துவிட்டார்.

"பூவுக்குத்தானே இவ்ளோ பாடு? இனிமே தெனம் நான் வாங்கித் தரேன். நீ கேக்கவே வாணாம்."

அவர் இருந்தவரை நான் ஒரு நாளும் கேட்க வேண்டி வரவில்லை. சீந்திலும் என்னைக் கேட்காமல்தான் வளர்ந்தது.