தாழிக்குக் கொடுத்த மல்லாட்டை

திண்டிவனத்தில் பேருந்து நிற்கிறது. சென்னை அருங்காட்சியகத்துக்குப் போகிறேன் என்றதும், அவித்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விற்கும் பெண் என் ஜன்னலோரமே நின்றுவிடுகிறாள்.

"நாளைக்கு வெள்ளிக்கெழம, மூடிடுவாங்க சார். இன்னிக்கே பாத்துடுங்க. கடக்கர சமாதியெல்லாம் அப்பறம் பாக்கலாம். உள்ள செத்தவங்கள வெச்சுப் பொதச்ச தாழிங்க இருக்கு. வாய் ஒடஞ்சது எங்க நெலத்துல எடுத்தது. ரொம்ப நேரம் எட்டிப் பாத்துக்கினு நிக்காதீங்க."

தாழியைக் கொண்டுபோன பிறகும், மல்லாட்டை பிடுங்கும்போதெல்லாம் முதல் பிடியை அந்தக் குழியில்தான் போடுகிறார்களாம். காலையில் தோல் மட்டும் கிடக்குமாம்.

"எலியா இருக்கும்மா," என்கிறேன்.

"எலி தோல வரிசையா அடுக்கி வெக்குமா சார்?"

எனக்கு ஒரு பொட்டலம் விற்கிறாள். காசு வாங்காமல் இன்னொன்றை நீட்டுகிறாள்.

"இது அதுக்கு. உள்ள எடுத்துக்கினு போக உட மாட்டாங்க. வாசல்ல வெச்சிடுங்க."

சுங்கச்சாவடியில் பேருந்து குலுங்கி நிற்கும்போதுதான் மடியைப் பார்க்கிறேன். பொட்டலம் காலி. விரித்த செய்தித்தாளின்மேல் தோல்கள் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கின்றன. என் விரல்நுனிகளில் உப்பு.

நான் வாங்கிய பொட்டலம் பைக்குள் பிரிக்காமல் இருக்கிறது.