செஞ்சிக் கோட்டையில் முஷ்டி காட்டிய ஆள்

போன வருடம் நானும் நண்பன் பிரான்சிஸும் திண்டிவனத்திலிருந்து செஞ்சிக் கோட்டைக்குப் போனோம். போட்டோ எடுக்கப் போகிற குஷியில் சட்டை நனைய சென்ட் அடித்திருந்தேன்.

டிக்கெட் வாங்கும் இடத்தில் ஒட்ட முடிவெட்டிய ஒருவன், "சென்ட் தூக்குது, சட்டைய மாத்திக்கினு மேல போப்பா" என்றான்.

"ஏன், உனக்கும் அடிச்சி விடட்டா?" என்றேன்.

அதன்பின் எங்கள் பின்னாலேயே வந்தான். நாங்கள் உட்கார்ந்தால் அவனும் உட்கார்ந்தான்.

"ஆளு சரியில்லடா. உன் பையில கிற என் போன பத்திரமா வச்சிக்க" என்றான் பிரான்சிஸ்.

"உன் போன எடுத்தா, ரிப்பேர் செலவுக்கு அவன் வூட்ட விக்கணும்" என்றேன். ஆனாலும் பையை முன்பக்கம் மாட்டிக்கொண்டேன்.

பாதி மலையில் எங்களை முந்திப் போனவன், திடீரென்று நின்று முஷ்டியை உயர்த்தினான். சண்டைக்குத்தான் கூப்பிடுகிறான் என்று நானும் கையை மடக்கினேன். அவன் சத்தமில்லாமல் மேலே காட்டினான். வாசல் வளைவில் பாய் அகலத்துக்கு மலைத்தேனீக் கூடு. நாலைந்து தேனீக்கள் அதற்குள் என் காலரைச் சுற்ற ஆரம்பித்திருந்தன. மூவரும் மெல்லப் பின்வாங்கினோம்.

கீழே இறங்கிய பிறகுதான் அவர் பேசினார். "முஷ்டி தூக்கினா நில்லுன்னு அர்த்தம்பா. மிலிட்டரி பழக்கம். லீவுல வந்துகிறேன். சென்ட் வாசனைக்கு தேனீ கொட்டிடும்னுதான் உங்க பின்னாலயே வந்தேன்."

இப்போது கோட்டைக்குப் போனால் சென்ட் அடிப்பதில்லை. என் வியர்வை நாற்றத்துக்கு அந்தத் தேனீயே தேவலாம் என்று பிரான்சிஸ்தான் புலம்புகிறான்.